நான்கு பேரோடு முடிந்த பாட்டு

பொம்மையார்பாளையத்தில் கடலுக்கு இறங்குகிற சந்தில், முன்பு தங்கும் விடுதியாக இருந்த ஒரு பழைய வீட்டை இப்போது கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். போன மாதம் அங்கே எங்கள் பாட்டுக் குழுவுக்கு ஒரு கண்காட்சி நடந்தது. குழு கலைந்து பதின்மூன்று வருடங்கள் ஆகின்றன. இருந்த காலத்தில் எங்கள் பாட்டைக் கடைசிவரை நின்று கேட்டவர்களை ஒரே மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். இப்போது சுவரெல்லாம் எங்கள் படம். கண்ணாடிப் பெட்டிக்குள் என் பழைய கிட்டார், டிரம்மர் குமாரின் உடைந்த குச்சிகள், நாங்கள் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிய நோட்டீஸ்கள். வாசலில் பெரிய எழுத்தில் 'அவுட்டர்: விழுப்புரத்தின் போஸ்ட் பங்க்' என்று ஒரு பலகை.

அவுட்டர் என்பது குழுவின் பெயர். விழுப்புரம் ஜங்ஷனுக்குள் நுழைய இடம் கிடைக்காமல் ரயில் ஊருக்கு வெளியே நிற்குமே, அந்த இடம். நாங்கள் வாசித்ததற்குப் போஸ்ட் பங்க் என்று பெயர் இருப்பதே எங்களுக்குப் பின்னால்தான் தெரியும். குமாரின் அண்ணன் பொம்மையார்பாளையத்தில் ஒரு விடுதியில் வேலை பார்த்தபோது, காலி செய்துபோன யாரோ விட்டுச்சென்ற ஒரு பை நிறைய சிடிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பாட்டுகளில் கிட்டார் அழாது, அறுக்கும். டிரம் ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்கும். பாடுகிறவர் பாடமாட்டார், யாரிடமோ புகார் சொல்கிற மாதிரி பேசுவார். அதைக் கேட்டுத்தான் நாங்கள் மூன்று பேரும் கெட்டுப்போனோம்.

முன் அறையில் ஆளுயரத்துக்கு ஒரு பெண்ணின் படம். சாயம்போன பருத்திச் சேலை, இடது தோளில் கைப்பை, வலது கையில் ஒரு தாள், முன்னால் மைக். மேடை ஏறினாலும் கைப்பையைக் கீழே வைக்க மாட்டார். இதைப் படித்துவிட்டு பஸ் பிடிக்க வேண்டும் என்கிற மாதிரிதான் நிற்பார். கண்காட்சிக்கு வந்திருந்த பிள்ளைகள் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழுவின் குரல் அவர்தான். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. திண்டிவனத்தில் பாதிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது. 'மைக் அக்கா' என்றால் தெரியும். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ரெக்கார்டிங் கடை இருந்தது. ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் ஓடுகிற விளம்பரங்கள் அங்கேதான் பதிவாகும். நகைக்கடைத் திறப்பு, போலியோ சொட்டு மருந்து, காணாமல்போன குழந்தை, துக்கச் செய்தி எல்லாவற்றுக்கும் அக்காவின் குரல்தான். ஏற்ற இறக்கமே இல்லாத குரல். சந்தோஷச் செய்தியையும் சாவுச் செய்தியையும் ஒரே மாதிரிப் படிப்பார். அதனாலேயே நம்பத் தோன்றும்.

உண்மை இல்லாத ஒரு வரியை அவர் வாயால் சொல்ல வைக்க முடியாது. அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு இருப்பது இந்த ஒன்றுதான்.

ஒரு ஆடி மாதம் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தார்: அனைத்துச் சேலைகளுக்கும் பாதி விலை. அக்கா அதைப் படித்துப் பார்த்தார். கைப்பையை மாட்டிக்கொண்டு கடைவீதிக்கு நடந்தார். கடைக்குள் போய்ப் பத்து சேலையாவது பிரிக்கச் சொல்லி விலை கேட்டிருக்கிறார். திரும்பி வந்து மைக் முன்னால் உட்கார்ந்து, 'வாசலில் உள்ள ஸ்டாண்டில் தொங்கும் சேலைகளுக்கு மட்டும் பாதி விலை' என்று பதிவு செய்துவிட்டார். ஆட்டோ இரண்டு தெரு சுற்றிய பிறகுதான் கடைக்காரருக்குத் தெரிந்தது. மாடிப்படி அதிர ஏறிவந்து சத்தம் போட்டார். அக்கா அவர் சொல்லி முடிக்கிறவரை கேட்டுவிட்டு, உள்ளே இருக்கிற சேலைக்கும் பாதி விலை கொடுத்தால் இப்போதே மாற்றிப் படிப்பதாகச் சொன்னாராம். ரெக்கார்டிங் கடை முதலாளி இதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "இந்தப் பொண்ணால தெனமும் பேஜாரு. ஆனா அது சொன்னாத்தான் ஊரு கேக்குது, இன்னா பண்றது" என்பார்.

இன்னொரு சம்பவத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் ஒருவர் இறந்து, அவருடைய மூத்த மகன் துக்கச் செய்தி எழுதிக்கொண்டு வந்திருந்தார். அன்னாருக்கு மூன்று பிள்ளைகள் என்று இருந்தது. எல்லாப் பிள்ளைகளையும் எழுதிவிட்டீர்களா என்று அக்கா கேட்டார். அவர் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். மகன் ஆமாம் என்றார். கூட வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். நான்காவதாக ஒரு மகள் இருந்தாள். வீட்டுக்குப் பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டவள். அக்கா பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். நாலு என்று படிக்கிறேன், இல்லாவிட்டால் எண்ணிக்கையே வேண்டாம், மூன்று என்று மட்டும் என்னால் படிக்க முடியாது என்றார். கடைசியில் எண்ணிக்கை இல்லாமலேயே அந்த ஆட்டோ ஓடியது. மறுநாள் அந்த மகள் அடக்கத்துக்கு வந்து தெருமுனையிலேயே நின்றாள் என்றும், அக்கா போய் அவள் பக்கத்தில் நின்றார் என்றும் முதலாளி சொன்னார். அக்கா இதைச் சொன்னதில்லை.

நாங்கள் அவரிடம் போனது மைக்குக்காக. எதிரொலி வராமலிருக்க முட்டை அட்டை ஒட்டிய சுவரும் ஓரளவு நல்ல மைக்கும் இருந்த அறை எங்களுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். நான் அப்போது விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்திரண்டு. குமார் ரயில்வே ஒப்பந்த வேலை. பேஸ் கிட்டார் வாசித்த அந்தோணி, திண்டிவனத்தில் ஒரு தேவாலயத்தில் வாசித்துப் பழகியவன். பாடியது நான்தான். நன்றாக இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் சொல்லாமல் இருந்தார்கள். மைக்கைச் சரிபார்க்க யாராவது எதையாவது படிக்க வேண்டியிருந்தது. மேசை மேல் கிடந்த என் பாட்டுத் தாளை அக்கா எடுத்து, தண்ணீர் வராது என்று நகராட்சி அறிவிப்புப் படிக்கிற அதே குரலில் படித்தார். பின்னால் குமார் சும்மா தட்டிக்கொண்டிருந்தான். அவன் தட்டுவதை நிறுத்தவில்லை. அந்தோணி என்னைப் பார்த்தான். நான் மைக் பக்கம் மறுபடி போகவே இல்லை.

முதல் நாளே என் வரியில் கை வைத்தார். நீலக் கடல் என்று எழுதியிருந்தேன். மரக்காணத்தில் எந்த இடத்தில் கடல் நீலமாக இருக்கிறது என்று கேட்டார். பாட்டில் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன்.

"நம்ம கடலு பழுப்பு தம்பி. பழுப்புன்னு எழுதுனா இன்னா கொறஞ்சிபோகும்?"

பழுப்புக் கடல் என்று மாற்றினேன். அதற்குப் பிறகுதான் அது பாட்டாக ஆனது என்று இப்போது கண்காட்சிச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். அது சரிதான்.

நான்கு வருடம் ஓடினோம். கல்லூரி விழா, தேவாலயத் திருவிழா, ஒரு தடவை புதுச்சேரியில் ஒரு ஓட்டல் மொட்டைமாடி. எங்கே போனாலும் பாதிக் கூட்டம் இரண்டாவது பாட்டிலேயே எழுந்து போய்விடும். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் பேராசிரியர் ஒருவர் மேடைக்குக் கீழே வந்து இதெல்லாம் ஒரு பாட்டா என்று கேட்டார். அக்கா மைக்கிலேயே, "பாட்டு இல்லீங்க சார், படிக்கிறேன்" என்றார். கிண்டல் இல்லை. அவர் கேட்டதற்குப் பதில்.

பிறகு அந்த விபத்து நடந்தது. கோலியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை பிடுங்கப் போன பெண்கள். குட்டி யானை என்று சொல்வார்களே, அந்தச் சின்ன லோடு வண்டியில் நிற்க இடமில்லாமல் ஏறிப் போயிருக்கிறார்கள். வளைவில் வண்டி சாய்ந்துவிட்டது. ஏழு பேர் செத்துப்போனார்கள். அஞ்சலிக் கூட்டத்துக்கு அறிவிப்பு வேண்டுமென்று யாரோ செய்தித்தாளோடு வந்தார்கள். அதிலிருந்த ஏழு பெயரையும் அக்கா அப்படியே படித்துவிட்டார். பேப்பரில் வந்தது சரியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அல்லது அன்றைக்குக் கூட்டம் அதிகமோ என்னவோ. அவர் விசாரிக்காமல் படித்தது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்து ஒரு ஆள் படியேறி வந்து, அறிவிப்பில் என் சம்சாரம் பெயர் இல்லை, வேறு யார் பெயரோ சொன்னார்கள் என்றார். சண்டை போட வரவில்லை. தெரிந்துகொள்ள வந்தவர் மாதிரி நின்றார். செய்தித்தாளில் அவர் மனைவி பெயர் மாறிப்போயிருந்தது. அக்கா அவரை உட்காரவைத்து, மனைவி பெயரைக் கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்து எழுதிக்கொண்டார். அடுத்த ஞாயிறு தேவாலயத்துக்குப் போகாமல் பஸ் பிடித்து அந்தக் கிராமத்துக்குப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனார். ஏழு வீட்டுக்கும் தனியாகத்தான் போனார். எங்களைக் கூப்பிட்டார், எங்களுக்கு வேறு வேலை இருந்தது.

அதிலிருந்துதான் 'ஏழு பேர்' வந்தது. ஒன்பது நிமிடப் பாட்டு. பேஸ் கிட்டார் ஒரே இரண்டு சுரத்தில் நடந்துகொண்டிருக்கும். அக்கா ஒவ்வொரு பெயராகச் சொல்வார். ஊர் அந்தப் பெண்ணை எப்படிக் கூப்பிட்டதோ அந்தப் பெயர். பிறகு, அன்றைக்கு அவர் தூக்குச் சட்டியில் என்ன எடுத்துக்கொண்டு போனார் என்று சொல்வார். அஞ்சலை: கேப்பைக் கூழ், மாங்காய் ஊறுகாய். முனியம்மா: ராத்திரிச் சோறு, தனியாக உப்பு. அவ்வளவுதான். அழுகை இல்லை, கோபம் இல்லை. திண்டிவனத்து அறையில் அதைப் பதிவு செய்தபோது குமார் தட்டிக்கொண்டே அழுதான். அக்கா தாளைப் பார்க்கவில்லை. ஏழு பேரையும் மனப்பாடமாக வைத்திருந்தார். அந்தப் பாட்டுக்குத் தாளே கிடையாது.

சென்னையில் ஒரு கம்பெனி சின்ன ஊர்க் குழுக்களின் பாட்டுகளைச் சேர்த்து ஒரு சிடி போடுவதாக இருந்தது. எங்களிடம் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். நான்கு நிமிடத்துக்குள் வேண்டும் என்றார்கள். அக்காவிடம் சொன்னால் வேறு பாட்டைக் கொடு என்பார் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு வேறு பாட்டு வேண்டாம். நானே கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து வெட்டினேன். வாத்தியம் மட்டும் வருகிற இடங்களை முதலில் வெட்டினேன். போதவில்லை. நடுவில் இருந்த மூன்று பேரை எடுத்தேன். நடுவில் இருந்ததால் ஒட்டு தெரியாமல் இணைக்க முடிந்தது. அந்த மூன்று பேரை எடுத்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. முழுசாக அனுப்பிவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் அதைச் சரிபார்க்கவில்லை.

சிடி வந்து ஒரு மாதம் கழித்து, மத்தியான நேரம், அக்கா கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தார். கையில் அந்த சிடி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"முழுசா அனுப்புனியா தம்பி?"

அனுப்பினேன், கம்பெனிக்காரர்கள்தான் வெட்டிவிட்டார்கள் என்றேன். நான் அந்தப் பொய்யைச் சொல்லும்போது என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி தம்பி" என்றார். வெளியில் நல்ல வெயில். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துபோனார்.

மறுநாளே அவர் கம்பெனிக்கு போன் செய்து கேட்டிருக்கிறார். வெகுகாலம் கழித்து அந்தக் கம்பெனியில் இருந்தவர் என்னிடம் சொன்னார். அவர்கள் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அதை அந்தோணியிடமோ குமாரிடமோ யாரிடமும் சொல்லவில்லை. இனிமேல் தன்னால் முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டார். அவர்கள் காரணம் கேட்டபோது, அதைச் சொல்ல இஷ்டமில்லை என்றாராம். குழு அதோடு முடிந்தது. எதற்கு முடிந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அதற்குப் பிறகு ஒரு தடவை திண்டிவனத்தில் ஓடுகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். உள்ளே பார்த்தால் அக்கா. என்னைப் பார்த்ததும் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். இடம் விட்டார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பேச ஆளில்லாத போனில் பேசிக்கொண்டு, கூட்டேரிப்பட்டு வரைக்கும் நின்றபடியே போனேன். அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.

பிறகு சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போய்வந்தார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். குமார்தான் போன் செய்து செய்தி சொன்னான். திண்டிவனம் போனேன். ஆட்டோவில் யாரோ ஒரு ஆண் குரல் அக்காவின் துக்கச் செய்தியைச் சொல்லிக்கொண்டு போனது. வயதைத் தப்பாகச் சொன்னார்கள். நான்கு வருடம் கூட்டி. டீக்கடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே விழுப்புரம் திரும்பிவிட்டேன்.

கண்காட்சியில் 'ஏழு பேர்' பாட்டுக்கென்று தனி அறையே வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு ஸ்டூல், ஒரு ஹெட்போன். கம்பெனி சிடியிலிருந்த பாட்டுதான், நான்கு நிமிடத்துக்குக் குறைவாக. சுவரில் விளக்கம் எழுதியிருந்தது. தலைப்பு ஏழு பேர் என்கிறது, ஆனால் பாடகி நான்கு பெயர்களை மட்டுமே உச்சரிக்கிறார், மீதி மூவரைச் சொல்லாமல் விட்டதன் மூலம் கவனிக்கப்படாமல் போகும் உழைக்கும் பெண்களின் மௌனத்தை நம் முன் வைக்கிறார், இது அவருடைய கலையின் உச்சம் என்று இருந்தது.

இரண்டு தடவை படித்தேன். ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கண்காட்சியை அமைத்த நிவேதா சென்னைப் பெண். முப்பது வயது இருக்கும். எங்களைத் தேடிப் பிடிக்க ஒரு வருடம் அலைந்தவள். அவளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, அந்த விளக்கம் தப்பு, அக்கா ஏழு பேரையும் சொன்னார், வெட்டியது நான் என்றேன். பதின்மூன்று வருடத்தில் இதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். முழுப் பதிவு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. கம்ப்யூட்டர் சென்டரை மூடியபோது எல்லாவற்றையும் அழித்தவனும் நான்தான்.

"சரி சார். நீங்களே எழுதிக் குடுங்க, மாத்திடுறேன். அந்த மூணு பேரோட பேரு என்ன?"

ராசாத்தி என்று ஒரு பெயர் ஞாபகம் இருந்தது. மற்ற இரண்டும் வரவில்லை. எத்தனை நாள் ஒத்திகையில் கேட்டவை. என் கையாலேயே தேடி எடுத்து வெட்டியவை. நிவேதா பேனாவோடு காத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். குமாரிடமோ அந்தோணியிடமோ கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டியிருக்கும். பழைய செய்தித்தாளில் தேடியிருக்கலாம். ஆனால் செய்தித்தாள் ஒரு பெயரைத் தப்பாகப் போட்டது என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் அந்தக் கிராமத்துக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்தில் நின்றிருந்தவரிடம், எனக்குத் தெரிந்த ஐந்து பெயரைச் சொல்லி மற்ற இருவரைக் கேட்டதும் அவர் இரண்டு பெயர் சொன்னார். ஒன்று செல்வி. அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. இன்னொன்று தனலட்சுமி. அவருடைய மகள் அந்த வீட்டிலேயே இருப்பதாகச் சொன்னார்.

மகளுக்கு முப்பது வயதை ஒட்டி இருக்கும். வாசலில் தையல் மிஷினைப் போட்டுப் பள்ளிக்கூட யூனிபாரம் தைத்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் மிஷினை நிறுத்தினாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"அந்த மைக் அக்கா கூட இருந்தவரா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அவளே சொல்ல ஆரம்பித்தாள். அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. அக்கா அஞ்சாறு தடவை வந்திருக்கிறார். தூக்குச் சட்டியில் அம்மா என்ன கொண்டுபோனார் என்று கேட்டபோது முதலில் பொய் சொல்லியிருக்கிறாள். நாலாவது தடவைதான் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குக் காலையில் அம்மாவோடு சண்டை. சோறு கட்ட வேண்டியவள் கட்டாமல் படுத்துக்கொண்டாள். அம்மா வெறும் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வயலில் யாராவது பங்கு கொடுப்பார்கள் என்று போயிருப்பார். வேறு யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை.

"பாட்டுல சொல்லவான்னு எங்கிட்ட கேட்டாங்க. சொல்லுங்கன்னேன். சொன்னா மனசு லேசாவும்னு நெனச்சேன். அப்பறம் டிஸ்கு வந்துச்சி. எங்கம்மா பேரே இல்ல."

சிடியைக் கேட்டுவிட்டு அவள்தான் ரெக்கார்டிங் கடைக்கு போன் செய்து கேட்டிருக்கிறாள். அக்கா என்னைப் பார்க்க வந்தது அதற்குப் பிறகுதான். நான்கு நாள் கழித்து அக்கா இந்த வாசலுக்கு வந்து நின்றிருக்கிறார்.

"பாடும்போது மறந்துட்டேம்மான்னு சொன்னாங்க. எங்கம்மா பேர மறந்துட்டேன்னு எங்கிட்டயே சொல்றாங்க. எத்தினி தடவ ஒக்காந்து கேட்டுக்கினு போனவங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்கன்னு சொல்லிட்டேன். வெயில்ல ரொம்ப நேரம் நின்னுக்கினு இருந்தாங்க. தண்ணி கூட குடுக்கல நானு."

வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது அவருக்கு உண்மை தெரியும். கம்பெனியில் கேட்டாகிவிட்டது. என் பெயரைச் சொல்லியிருக்கலாம். மூன்று பிள்ளைகள் என்று படிக்க மறுத்தவர், ஊர் முழுக்க ஓடுகிற சேலை விளம்பரத்தைத் திருத்தியவர், இந்த வாசலில் நின்று ஒரு பொய் சொன்னார். எதற்காகச் சொன்னார் என்று அவரிடம் கேட்க இனி முடியாது. அவர் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அது எனக்காக.

"அவங்க மறக்கலம்மா. ஏழு பேரையும் சொன்னாங்க. நான்தான் வெட்டுனேன். வெட்டிட்டு அவங்ககிட்ட பொய்யும் சொன்னேன்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மிஷினில் இருந்த துணியை மெதுவாக இழுத்து நூலை அறுத்தாள். அதை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"எங்கம்மாவ இன்னான்னு சொன்னாங்க அதுல?"

அந்த நேரத்தில் எனக்குக் கேட்டது. ஒத்திகை அறையில், அந்தோணியின் இரண்டு சுரத்துக்கு மேலே, அந்தத் தட்டையான குரலில். தனலட்சுமி இல்லை. அந்தப் பெயரை அக்கா சொன்னதே கிடையாது. அதனால்தான் எனக்கு வரவில்லை.

"தனம். வெறும் சட்டி. அப்படித்தான் சொன்னாங்க" என்றேன்.

அவள் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். தெருவில் யாரோ சைக்கிளில் போனவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊரே அம்மாவைத் தனம் என்றுதான் கூப்பிடும், நீங்களும் அப்படியே எழுதுங்கள் என்றாள். எழுதிக்கொண்டேன்.

"அக்கா இப்ப எங்க இருக்காங்க? அதே கடையா?"

இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்றேன். அவள் நம்பாத மாதிரிப் பார்த்தாள். தனக்கு யாருமே சொல்லவில்லையே என்றாள். எப்படி என்று கேட்டாள். சொன்னேன். எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டாள். திண்டிவனத்தில், கல்லறைத் தோட்டத்தில் என்றேன்.

"நீங்க போயி பாத்தீங்களா?"

போனேன் என்றுதான் என் வாயில் வந்தது. எப்போதும் அப்படித்தான் வரும்.

"இல்லம்மா. ஊரு வரைக்கும் போனேன். உள்ள போகல. கல்லறைக்கும் போகல."

அவள் மிஷினுக்கு உறை போட்டாள். உள்ளே போய் முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்திப் பூட்டினாள். விழுப்புரம் போய் திண்டிவனம் பஸ் மாற வேண்டும், இப்போது கிளம்பினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம் என்றாள். பிறகு எனக்காக நிற்காமல் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து பின்னால் போனேன்.